நெஞ்செரிச்சல் மாத்திரை: நிறுத்தும்போது தலைகாட்டும் பக்கவிளைவு

மருந்துக்கடையில் "பான் 40 ஒரு அட்டை குடுங்க" என்று கேட்டு வருகிற பலர் மருந்துச் சீட்டு கொண்டுவருவதில்லை. தீர்ந்துபோன அட்டையைக் கவுண்டரில் வைப்பார்கள், அவ்வளவுதான். எதற்காகப் போட ஆரம்பித்தீர்கள் என்று கேட்டால், "மூட்டு வலிக்கு மாத்திரை குடுத்தப்போ கூடவே இதையும் எழுதினாங்க" என்பார்கள். மூட்டு வலி மாத்திரை எப்போதோ நின்றிருக்கும். இது மட்டும் பல் தேய்த்த கையோடு, காபிக்கு முன்னால், வருடக்கணக்காக உள்ளே போய்க்கொண்டிருக்கும். அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். அதை வாங்குபவரும் பார்ப்பதில்லை, விற்பவரும் கண்டுகொள்வதில்லை.

நெஞ்செரிச்சலுக்கான இந்த மாத்திரைகளைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "சும்மா கேஸ் மாத்திரைதானே, என்ன ஆகிவிடப் போகிறது" என்பது ஒன்று. கிட்னி போய்விடும், எலும்பு நொறுங்கிவிடும், மறதி நோய் வரும் என்று வாட்ஸாப்பில் சுற்றுவது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, நிறைய மிகையும் உண்டு. ஆனால் சாதாரணமாகப் பலருக்கும் வரக்கூடிய ஒரு பக்கவிளைவு இந்த இரண்டு பேச்சிலும் அடிபடுவதே இல்லை. அது மாத்திரையைப் போடும்போது வருவதில்லை, நிறுத்தும்போது வருகிறது. அது ஏன் என்று புரிய, மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

நம் இரைப்பை ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் வரை செரிமான நீர் சுரக்கிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது வீணுக்குச் சுரப்பதல்ல. புரதம் செரிக்க வேண்டும், சாப்பாட்டோடு வரும் கிருமிகள் சாக வேண்டும், உணவில் இருக்கிற பி12 பிரிந்து வர வேண்டும், இரும்புச் சத்து உடம்பில் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் அமிலம் தேவை. இரைப்பையின் உள்சுவர் அதைத் தாங்கும். உணவுக்குழாய் தாங்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வளையத் தசை தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும்; நெஞ்சு கரிக்கும், புளித்த ஏப்பம் வரும், குனிந்தால் எதுக்களிக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் போடும் மாத்திரை அந்த வளையத்தை இறுக்குவதில்லை. மேலே ஏறுவது ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதில் அமிலம் குறைந்துவிடுவதால் எரிச்சல் தெரிவதில்லை. மாத்திரை போட்டும் சிலருக்குச் சாப்பாடு தொண்டைவரை வந்து போவது இதனால்தான்.

நெஞ்செரிச்சலுக்குத் தருகிற மருந்துகள் மூன்று வகை. ஜெலுசில், டைஜீன், ஈனோ போன்றவை ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தை முறிக்கின்றன. ரானிடிடின், ஃபமோடிடின் போன்றவை, அமிலம் சுரக்கச் சொல்லி ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் தருகிற தூண்டுதலைத் தடுக்கின்றன. ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் (பான் 40 இதுதான்), ரபிப்ரசோல், எசோமிப்ரசோல் என்று 'பிரசோல்' போட்டு முடிகிறவை அமிலம் வெளியே வருகிற பம்பையே பூட்டிவிடுகின்றன. மேல்தொட்டி நிரம்பி வழியும்போது வாளியால் அள்ளிக் கொட்டுவதற்கும், கீழே போய் மோட்டாரை நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான் முதல் வகைக்கும் மூன்றாவது வகைக்கும்.

முதல் இரண்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமில முறிப்பான்களில் அலுமினியம் உள்ளது மலச்சிக்கல் தரும், மெக்னீசியம் உள்ளது பேதியாக்கும். ஒன்றை இன்னொன்று சமன் செய்யட்டும் என்றுதான் பெரும்பாலான திரவ மருந்துகளில் இரண்டையும் கலக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த இரண்டு உலோகமும் உடம்பில் தங்கிவிடும், ஆகவே கேட்காமல் குடிக்கக் கூடாது. பொங்கி வருகிற உப்பு வகைகளில் சோடியம் அதிகம்; ரத்த அழுத்தமும் இதய பலவீனமும் உள்ளவர்கள் தினமும் கரைத்துக் குடிப்பது நல்லதல்ல.

இரண்டாவது வகைக்கு ஒரு கதை உண்டு. 1976இல் பிரிட்டனில் வந்த சிமெடிடின்தான் மூத்தது. அதைச் சாப்பிட்ட ஆண்கள் சிலருக்கு மார்பு வீங்கியது. பிறகு வந்த ரானிடிடினில் அந்தத் தொல்லை குறைவு. ரான்டாக் என்ற பெயரில் நம் வீடுகளில் பல வருடம் ஆட்சி செய்தது. 2019இல் அந்த மருந்தில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. சேமித்து வைக்க வைக்க, அதுவும் வெப்பத்தில் வைக்க வைக்க, அதன் அளவு கூடுகிறது என்பதால் 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ரானிடிடின் முழுவதையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. இந்தியாவில் அப்படித் தடை செய்யவில்லை. ஆனால் 2022இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஃபமோடிடினில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் குறை வேறு. தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகிவிடும், பலன் குறையும். வயதானவர்களுக்கு, அதுவும் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு, மனக்குழப்பம் வரலாம்.

இனி பிரசோல்கள். 1988இல் சந்தைக்கு வந்த ஒமிப்ரசோல், ஸ்வீடனில் உருவானது. அது வருவதற்கு முன் இரைப்பைப் புண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஏராளம். இன்று அது அபூர்வம். அந்த அளவுக்கு நல்ல மருந்து. அதை மறந்துவிட்டுப் பக்கவிளைவு மட்டும் பேசுவது நியாயமில்லை.

இந்த மாத்திரை இரைப்பையில் கரைவதே இல்லை. மேல்பூச்சு அதைக் காப்பாற்றிச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலந்து, சுற்றிக்கொண்டு இரைப்பைச் சுவரின் அமிலச் செல்களுக்கு வந்து சேர்கிறது. அங்கே ஓடிக்கொண்டிருக்கும் பம்புகளை மட்டும் பிடித்துப் பூட்டுகிறது. பம்புகள் ஓடுவது சாப்பிடும்போதுதான். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள் என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. இட்லி சாப்பிட்டு முடித்துவிட்டுப் போட்டால் பாதி வீண். மென்றோ பொடித்தோ சாப்பிட்டாலும் வீண். ரத்தத்தில் மருந்து சில மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. ஆனால் பூட்டிய பம்பு பூட்டியதுதான், உடம்பு புதுப் பம்பு செய்தாக வேண்டும். இதனால் ஒரு வேளை மாத்திரை ஒரு நாள் முழுக்கத் தாங்குகிறது.

போட ஆரம்பித்த நாட்களில் சிலருக்குத் தலைவலி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், வயிற்று உப்புசம், குமட்டல் வரும். பெரும்பாலும் லேசானவை. ஒரு பிரசோல் ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்றுக்கு மாற்றிப் பார்ப்பார்கள், சரியாகிவிடும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அமிலம் குறைந்துபோனதை உடம்பு சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. "அமிலம் போதவில்லை, இன்னும் சுர" என்று சொல்லுகிற காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகும். அந்தத் தூண்டுதலில், அமிலம் சுரக்கச் சொல்லி ஹிஸ்டமின் விடும் செல்கள் பெருகும். மாத்திரை இருக்கும்வரை இது எதுவும் வெளியில் தெரியாது, ஏனென்றால் பம்புகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு நாள் மாத்திரையை நிறுத்துகிறீர்கள். பம்புகள் திறந்துகொள்கின்றன. தூண்டிவிடும் செல்களோ முன்பைவிட அதிகம். விளைவு, மாத்திரை தொடங்குவதற்கு முன் இருந்ததைவிட அதிக அமிலம். சில நாட்களில் நெஞ்சு கரிக்க ஆரம்பிக்கும், வாரக்கணக்கில் நீடிக்கலாம்.

இதை நோய் இல்லாதவர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். டென்மார்க்கில் 2009இல் வெளியான ஆய்வு அது. நெஞ்செரிச்சல் தொல்லையே இல்லாத 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 8 வாரம் எசோமிப்ரசோல் 40 மில்லிகிராம், பிறகு 4 வாரம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மறு பாதிக்கு 12 வாரமும் வெற்று மாத்திரைதான். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. கடைசி 4 வாரத்தில், உண்மையான மருந்தை நிறுத்திய கூட்டத்தில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, செரியாமை என்று ஏதோ ஒன்று வந்தது. மற்ற கூட்டத்தில் 15 சதவீதம்தான். நோயே இல்லாதவருக்கு மாத்திரையே நோயைத் தந்து அனுப்பியிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பழைய அட்டைக்காரரைப் பாருங்கள். ஒரு நாள் அவரும் நிறுத்திப் பார்த்திருப்பார். மூன்றாம் நாள் நெஞ்சு எரிந்திருக்கும். "பாத்தீங்களா, இது இல்லாம நமக்கு ஆகாது" என்று முடிவு கட்டித் திரும்பக் கடைக்கு வந்திருப்பார். எரிந்தது பழைய நோயா, மாத்திரை விட்ட எதிர்வினையா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் கணக்கில், தேவையில்லாமல் வருடக்கணக்காக ஓடும் மாத்திரைகளுக்குப் பெரிய காரணம் இதுதான். மற்ற நீண்டகாலப் பக்கவிளைவுகள் எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

சரி, அவை என்ன?

நம் ஊருக்கு முக்கியமானது பி12. இறைச்சி, மீன், முட்டை, பாலில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். அமெரிக்காவில் 2013இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, 2 வருடமோ அதற்கு மேலோ பிரசோல் எடுத்தவர்களிடம் பி12 குறைபாடு அதிகம் என்று காட்டியது. சைவம் சாப்பிடுபவர், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுபவர், கூடவே தினமும் ஒரு பான்டோபிரசோல் என்றால் மூன்று பக்கமும் அடி. மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும். இப்படிப்பட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். கால் மரத்துப்போவதும் பாதம் எரிவதும் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. பி12 மாத்திரையாகவோ ஊசியாகவோ வரும்போது அதற்கு அமிலம் தேவையில்லை, ஆகவே சரி செய்வது சுலபம்.

இரும்பு, கால்சியம் கதையும் அதேதான். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பு உடம்பில் சேர அமிலம் உதவுகிறது. கால்சியம் கார்பனேட் மாத்திரைக்கும் அமிலம் வேண்டும். கால்சியம் சிட்ரேட்டுக்கு வேண்டாம்.

மெக்னீசியம் குறைவது அபூர்வம், ஆனால் வந்தால் விளையாட்டல்ல. தசைப்பிடிப்பு, நடுக்கம், இதயத் துடிப்பு தாறுமாறாவது, வலிப்புவரை போகலாம். எஃப்டிஏ 2011இல் இதற்கு எச்சரிக்கை விட்டது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்கள். அவர்களில் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தது மட்டும் போதவில்லை, மாத்திரையையே நிறுத்த வேண்டியிருந்தது. நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களும் இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

சிறுநீரகம்தான் எல்லோரையும் பயமுறுத்துவது. மருந்துக்கு ஒவ்வாமைபோல் சிறுநீரகத்தில் அழற்சி வருவது உண்மை. இந்தியாவிலும் 2019இல், திடீர் சிறுநீரகப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கையை மருந்தோடு வரும் தாளில் சேர்க்கும்படி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. இது தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ வரலாம். காய்ச்சல், தடிப்பு, சிறுநீர் குறைவது என்று தெரியலாம், எதுவும் தெரியாமல், சிறுநீரகம் வடிக்க வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு மட்டும் ரத்தத்தில் ஏறியும் இருக்கலாம். ஆனால் அபூர்வம். எலும்பு முறிவு (2010), க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியால் வரும் கடும் வயிற்றுப்போக்கு (2012) ஆகியவற்றுக்கும் எஃப்டிஏ எச்சரிக்கை உண்டு.

மறதி நோய், நிமோனியா என்று நீளும் பட்டியலை எப்படி எடுத்துக்கொள்வது? இவற்றில் பெரும்பாலானவை, மாத்திரை எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் ஏட்டில் ஒப்பிட்டுச் சொன்னவை. மாத்திரை எடுப்பவர் ஏற்கெனவே வயதானவராக, நாலு நோய் உள்ளவராக இருப்பார். பழி மாத்திரை மேல் விழும். இதைச் சரியாகச் சோதித்தது 2019இல் முடிவுகள் வெளியான காம்பஸ் என்ற ஆய்வு. இதய, ரத்தநாள நோய் உள்ள 17,598 பேருக்குக் குலுக்கல் முறையில் பான்டோபிரசோலோ வெற்று மாத்திரையோ கொடுத்து ஏறத்தாழ 3 வருடம் கவனித்தார்கள். நிமோனியா, எலும்பு முறிவு, நாள்பட்ட சிறுநீரக நோய், மறதி நோய் எதிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. குடல் தொற்று மட்டும் சற்று அதிகம்: 1.4 சதவீதம், எதிரே 1.0 சதவீதம். 3 வருடத்துக்கான விடை இது. 15 வருடம் போடுபவருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் வாட்ஸாப் பயமுறுத்தல்களில் முக்கால்வாசிக்கு இது போதும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று. உங்கள் வீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'டி' என்றோ 'டிஎஸ்ஆர்' என்றோ இருக்கிறதா? அப்படியானால் அதில் இரண்டு மருந்து இருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் பான்டோபிரசோல் 40 மில்லிகிராம், டோம்பெரிடோன் 30 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். டோம்பெரிடோன் வாந்திக்கான மருந்து. அது இதயத்தின் மின்துடிப்பைக் குழப்பக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் நீளாமல் கொடுக்கச் சொன்னது. நெஞ்செரிச்சலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் வேண்டாம் என்றது. அமெரிக்காவில் அதற்கு அனுமதியே இல்லை. இங்கே வருடக்கணக்கில் போடுகிறார்கள். கூடவே கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். பால் சுரக்கச் செய்கிற புரோலாக்டின் ஹார்மோன் ஏறி, குழந்தை பெறாத பெண்ணுக்கு மார்பில் பால் கசிவதும் மாதவிலக்கு தள்ளிப்போவதும் உண்டு.

பெயரில் 'எல்' சேர்ந்த வகைகளில் லெவோசல்பிரைடு இருக்கக்கூடும். அது வயதானவர்களுக்குக் கை நடுக்கம், உடம்பு விறைப்பு, தளர்ந்த நடை என்று பார்க்கின்சன் என்ற நடுக்க நோய்போலவே காட்டும். கேஸ் மாத்திரையால் கை நடுங்கும் என்று யாருக்கும் தோன்றாது என்பதால், நடுக்கத்துக்குத் தனி மாத்திரை எழுதப்படும். தாத்தா பாட்டிக்குப் புதிதாக நடுக்கம் வந்தால் மருத்துவரிடம் போகும்போது எல்லா அட்டையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மற்ற மருந்துகளோடு மோதுவதிலும் இரண்டு மூன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் குளோபிடோக்ரெல், கல்லீரலில் ஒரு நொதியால் மாறினால்தான் வேலை செய்யும். ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் அந்த நொதியைத் தடுக்கின்றன. பான்டோபிரசோலில் அந்தத் தொல்லை குறைவு, இதய மருத்துவர்கள் அதை எழுதுவது அதனால்தான். கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். தைராய்டு குறைவுக்குப் போடும் தைராக்சின் சரியாகச் சேரவும் அமிலம் உதவுகிறது. பிரசோல் ஆரம்பித்து ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்வது நல்லது. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்கான பரிசோதனைக்குப் போவதாக இருந்தால், இரண்டு வாரம் முன்பே பிரசோலை நிறுத்தச் சொல்வார்கள். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

நிறுத்தக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். உணவுக்குழாயில் கடுமையான புண் இருந்தவர்கள், பாரெட்ஸ் (உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போவது) என்று எண்டோஸ்கோபியில் சொல்லப்பட்டவர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு வந்தவர்கள், அந்த ஆபத்தோடு ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தினமும் எடுப்பவர்கள். இவர்களுக்கு மாத்திரையால் வரும் ஆபத்தைவிட அதை விடுவதால் வரும் ஆபத்து பெரிது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக் காலையில் தானாக நிறுத்துகிற முதல் ஆளாக இவர்கள் இருந்துவிடக் கூடாது.

மற்றவர்கள் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: எனக்கு இது எதற்காக, எத்தனை நாளைக்கு? சாதாரண எதுக்களிப்புக்கு 4 முதல் 8 வாரம்தான் வழக்கம். வருடக்கணக்காகப் போட்டவர் விடும்போது 40ஐ 20 ஆக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறங்கலாம். நடுவில் கரிக்கும் நாட்களில் ஃபமோடிடினோ ஒரு மூடி ஜெலுசிலோ கைகொடுக்கும். சிலர் ஒரேயடியாக நிறுத்தியும் சமாளிக்கிறார்கள். எப்படி விட்டாலும் அந்த முதல் சில வாரத்து எரிச்சலை எதிர்பார்த்திருங்கள். ஒன்றிரண்டு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால்தான் மாத்திரை உண்மையிலேயே தேவை என்று அர்த்தம். அப்போது குறைந்த அளவில் தொடர்வதில் தவறில்லை.

அந்த நாட்களில் ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டு உடனே படுக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. படுப்பதற்கு 3 மணி நேரம் முன்னால் சாப்பிட்டு முடிப்பது, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து அரையடி உயர்த்துவது, இடப்பக்கம் சாய்ந்து படுப்பது, தொப்பையைக் குறைப்பது ஆகியவற்றுக்கு நல்ல ஆதாரம் உண்டு. தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது அந்த வளையத் தசையைத் தளர்த்தக்கூடியது.

விழுங்கும்போது சாப்பாடு சிக்கினாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் தார்போல் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ மாத்திரையைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிற நேரமல்ல அது, எண்டோஸ்கோபிக்குப் போகிற நேரம். நெஞ்சில் கல் வைத்தாற்போல் அழுத்தி, வியர்த்து, வலி தாடைக்கோ கைக்கோ பரவினால் கேஸ் என்று நினைத்து எதையும் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, ஈசிஜி எடுக்கிற இடத்துக்குப் போய்விடுங்கள்.